உப்புத் தண்ணீரில் புழு

பெருமழைக்குப் பிறகு மலையோடை கலங்கிப் புரண்டு வரும்போது டிரவுட் மீனுக்குப் பூச்சி போலச் செய்த பொய் ஈயைக் காட்டிப் பயனில்லை. கரை மண்ணோடு அடித்து வரும் மண்புழுவைத்தான் அது எதிர்பார்த்து நிற்கும். பிரிட்டனின் தூண்டில்காரர்களுக்கு இது பழைய பாடம். புழுவை ஈரப்பாசியில் ஓரிரு நாள் போட்டு வைத்தால் வயிற்று மண் கழிந்து தோல் இறுகும். தலைப்பக்கமாக உள்ள தடித்த வளையத்தில் முள்ளை ஏற்றி, வாலைச் சும்மா விட வேண்டும். முள் நுழையும்போது புழு விரலைச் சுற்றிச் சுருளும். வழவழவென்று ஒரு நீர் கசியும். வால் நெளிகிற வரைக்கும்தான் அந்த இரைக்கு மதிப்பு.

இந்த நெளிவைப் பற்றி யோசித்தவர்கள் இல்லாமல் இல்லை. 1653இல் தூண்டில் கலையின் வேதம் போல ஒரு நூலை எழுதிய ஐசக் வால்டன், தவளையை முள்ளில் மாட்டச் சொல்லித் தரும்போது, அதன் மேல் பிரியம் உள்ளவரைப் போல நடந்துகொள்ளச் சொல்கிறார். கவிஞர் பைரனுக்கு இது பொறுக்கவில்லை. வால்டனின் தொண்டையில் ஒரு முள்ளை மாட்டி, அதை இழுக்க ஒரு சின்ன டிரவுட்டையும் விட்டிருக்க வேண்டும் என்று கவிதையிலேயே எழுதிவைத்தார்.

சார்லஸ் டார்வின் செய்தது இன்னும் நாசூக்கானது. சிறுவயதில் தூண்டிலோடு மணிக்கணக்கில் தண்ணீரோரம் உட்கார்ந்திருப்பவர். உப்புத் தண்ணீரில் போட்டால் புழு செத்துவிடும் என்று யாரோ சொல்லக் கேட்டார். அன்று முதல் உயிருள்ள புழுவை முள்ளில் கோக்கவில்லை. அதனால் மீன் சற்றுக் குறைவாகவே கிடைத்திருக்கும் என்றும் சுயசரிதையில் சொல்கிறார். மீன் குறைந்தது, மீன்பிடிப்பு நிற்கவில்லை. கருணைக்கு அவர் கொடுத்த விலை அவ்வளவுதான் என்று கேலி செய்வது சுலபம். பெரும்பாலோர் அந்த உப்பைக்கூடச் செலவழிப்பதில்லை. இதே டார்வின் 1881இல் வெளியிட்ட தம் கடைசிப் புத்தகத்தை மண்புழுக்களுக்கே ஒதுக்கினார். வளைக்குள் இலையை இழுக்க எந்த முனையைப் பிடிப்பது என்று அவை தேர்ந்தெடுப்பதைக் கண்டு, அதில் ஓரளவு அறிவு இருக்கிறது என்றே கருதினார்.

தெற்கு இங்கிலாந்தின் டெஸ்ட், இட்சன் ஆறுகளில் புழுவுக்கு இடமில்லை; பொய் ஈ மட்டும். புழுவின் மேல் இரக்கப்பட்டு வந்த வழக்கமல்ல இது. புழு போடுவது கனவானுக்கு அழகல்ல என்று 19ஆம் நூற்றாண்டில் ஊறிய எண்ணம். ஈயால் பிடித்த மீனையும் அன்று பெரும்பாலும் சமையலறைக்குத்தான் அனுப்பினார்கள். நம் நீலகிரி ஓடைகளில் டிரவுட் இருப்பதே அந்தக் கனவான்களின் பொழுதுபோக்குக்காகத்தான். 1860களிலிருந்து தோற்றுத் தோற்று, 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகே அந்த மீன் இங்கே நிலைத்தது.

இன்று ஈக்காரர்களிடம் வலுவான காரணம் ஒன்று உண்டு. புழுவை மீன் ஆசையாக விழுங்கிவிடும்; முள் தொண்டையிலோ செவுளிலோ போய்த் தைக்கும். திரும்ப ஆற்றில் விட்டாலும் அப்படிப்பட்ட மீன்கள் அதிகம் சாகின்றன. பொய் ஈ உதட்டோடு நின்றுவிடும். சரிதான். ஆனால் அந்த உதட்டைப் பற்றியும் 2003இல் ஒரு செய்தி வந்தது. விஞ்ஞானி லின் ஸ்னெடனும் அவருடைய சகாக்களும் வானவில் டிரவுட்டின் தலையில் வலியுணர் நரம்பு முனைகளைக் கண்டுபிடித்தார்கள். உதட்டில் அமிலம் ஏற்றிய மீன்கள் தொட்டியின் சரளையில் வாயைத் தேய்த்தன. நெடுநேரம் இரை எடுக்கவில்லை. இது வலிதானா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. தூண்டில் பிடிப்பவர்கள் வாதம் முடியட்டும் என்று காத்திருக்கவுமில்லை.

சட்டமும் தன் பங்குக்கு எச்சரிக்கையாகவே நடந்துகொள்கிறது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் உயிருள்ள மீனை இரையாகப் போடக் கூடாது. வேற்றுநீர் மீனும் நோயும் பரவும் என்ற பயம் இதில் பெரும் பங்கு. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமான 2006ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டமோ, மீன்பிடிப்பின் வழக்கமான போக்கில் நடக்கும் எதற்கும் தான் பொருந்தாது என்று தானே எழுதிவைத்து ஒதுங்கிக்கொண்டது.

இந்த விஷயத்தில் நெடுந்தூரம் போனது சுவிட்சர்லாந்து. திரும்ப விடுவதற்கென்றே மீன் பிடிப்பது 2008ஆம் ஆண்டு விதிகளின்படி அங்கே தடை. தின்பதற்கில்லை என்றால் வதைப்பானேன் என்ற தர்க்கம். முதுகெலும்பிகளோடு கணவாய், நண்டு, சிங்கி இறால் வகைகளும் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. 2018 முதல் சிங்கி இறாலை உயிரோடு கொதிநீரில் போடவும் முடியாது. நீண்டகாலத் தூண்டில் உரிமம் கேட்பவர் முதலில் பாடம் படிக்க வேண்டும்: பிடித்த மீனைத் தாமதமில்லாமல் தலையில் அடித்து மயக்கி எப்படிக் கொல்வது என்று. மண்புழு அந்தப் பட்டியலில் இல்லை. அதை என்ன செய்வது என்பது தூண்டில்காரரின் இஷ்டம்.