அடித்தலும் அழித்தலும்

சென்ற மாதம் ஒரு திருமண விருந்தில் நண்பர் ஒருவருடைய மகன் என்னோடு ஒரே சகனில் சாப்பிட உட்கார்ந்தான். கம்ப்யூட்டரில் புகைப்படங்களைத் திருத்துவதற்கு மென்பொருள் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் பொறியாளனாக உத்தியோகம் பார்க்கிறவன். பேச்சுக்கிடையே அவன் கேட்டான்:

"சாச்சா, படத்தில் நிற்கும் ஒருவரை எடுத்துவிட்டால், அவர் நின்ற இடத்தில் பின்னாலுள்ள சுவரோ மரமோ தானாகவே நிரம்பிக்கொள்ள வேண்டும். அந்தப் பகுதியில்தான் எனக்கு வேலை. இரண்டு வருடம் பாடுபட்டோம். இப்போது அதைக்கொண்டு எவனோ ஒருவன் பொய்ப்படம் செய்தால், அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு உண்டா?"

நம்மில் எவரும் சொல்லக்கூடிய பதிலையே நானும் சொன்னேன். "கத்தி விற்றவன் மீது கொலைப்பழி வருமா, தம்பி? காய் நறுக்குகிறவளும் அதே கத்தியைத்தானே வாங்குகிறாள்?" என்றேன். அவன் மரியாதைக்காகத் தலையை ஆட்டினான். திருப்தி அடையவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. வீடு திரும்பிய பிறகு எனக்கும் அந்தப் பதில் போதவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வணிக நண்பர்களே, இந்தத் தொழிலின் வரலாறு நீண்டதன்று. 1987ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த தாமஸ் நோல் என்பவர், கறுப்பு வெள்ளை மட்டுமே காட்டும் திரையில் சாம்பல் நிறச் சாயைகளையும் காட்டுவதற்காக ஒரு சிறு நிரல் எழுதினார். சினிமாத் தந்திரக் காட்சிகள் தயாரிக்கும் நிறுவனமொன்றில் வேலை பார்த்துவந்த அவருடைய சகோதரர் ஜான் நோல் அதைக் கண்டு, இதை இன்னும் விரிவாக்கலாம் என்று ஊக்கினார். அடோபி கம்பெனி அதன் உரிமையைப் பெற்று, 1990 பிப்ரவரியில் போட்டோஷாப் என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது. அந்த முதற்பதிப்பின் மூல நிரல் ஏறத்தாழ 1,28,000 வரிகள் கொண்டது. 2013ல் கலிபோர்னியாவிலுள்ள கம்ப்யூட்டர் வரலாற்று அருங்காட்சியகம் அதை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டிருக்கிறது. வெளிச்சத்தைக் கூட்டு, குறை, இந்தப் புள்ளியைப் பிரதியெடுத்து அந்த இடத்தில் வை என்பன போன்ற கணக்குகள்தாம் அவை. கூட்டல் கழித்தலில் பாவம் ஏது?

பொய்ப்படம் அதற்கு முன்பே இருந்தது. 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகை, அகலமான ஒரு படத்தை உயரமான அட்டைக்குள் அடக்குவதற்காக, எகிப்தியப் பிரமிடுகளை ஒன்றுக்கொன்று நெருக்கி வைத்தது. அன்று பெரும்பொருள் கொடுத்து வாங்கிய யந்திரங்களை வைத்திருந்த அச்சகத்தாரால் மட்டுமே செய்யக்கூடியதாயிருந்த காரியம், இன்று மேசைமீது ஒரு கம்ப்யூட்டர் உள்ள எவருக்கும் கைவந்துவிட்டது. வேறுபாடு அவ்வளவே.

இனிக் கத்தி விற்பவனின் வாதத்துக்கு வருவோம். அந்த வாதம் இந்தத் தொழிலில் 2003லேயே உடைந்துவிட்டது. அவ்வாண்டு வெளிவந்த போட்டோஷாப் பதிப்பில், பணநோட்டின் படத்தைத் திறக்க முயன்றால் மென்பொருள் அதை அடையாளம் கண்டு மறுத்துவிடும். (நோட்டு மாற்றும் தொழிலிலுள்ள நம் சகோதரர்கள் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம், அதற்கும் சட்டம் இருக்கிறது.) பல நாட்டு மத்திய வங்கிகள் கூடி அமைத்த ஒரு குழுவினர் அந்தக் காவற்பகுதியைச் செய்து கொடுத்தார்கள், கம்பெனி அதைச் சேர்த்துக்கொண்டது. முன்னறிவிப்பின்றிச் சேர்த்துவிட்டார்களே என்று வாங்கியவர்கள் சிலர் குறைப்பட்டது வேறு கதை.

ஆக, "நான் கருவி மட்டுமே செய்கிறேன், அதைக்கொண்டு பிறர் செய்வது என் பொறுப்பன்று" என்று இனி எப்படிச் சொல்ல முடியும்? நோட்டின் விஷயத்தில் பொறுப்பை ஏற்றுக்கொண்டாயிற்று. நோட்டுக்காகப் பேச மத்திய வங்கிகள் இருந்தன. ஒரு பெண்ணின் முகத்தை வேறொரு உடலில் ஒட்டினால், அவளுக்காகப் பேச அந்தக் கம்பெனியின் வாசலில் யார் இருக்கிறார்கள்?

இப்படி நான் தொலைபேசியில் கேட்டபோது தம்பி நியாயமான பதிலொன்று சொன்னான். நோட்டில் இன்ன இடத்தில் இன்ன கோலம் இருக்கும் என்று முன்கூட்டியே தெரியும். ஆகவே யந்திரம் கண்டுகொள்ளும். பொய்க்கு அப்படிக் குறித்த கோலம் கிடையாது. சாட்சியை அழிக்கும் கணக்கும் தூசியை அழிக்கும் கணக்கும் ஒன்றே. உண்மைதான். என் வாப்பாவின் படம் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பூஞ்சை பிடித்து, கன்னத்தின் குறுக்கே மடிப்பு விழுந்து கிடந்தது. அதைச் சீராக்கித் தந்ததும் இத்தகைய கருவியே. அன்றியும், கிம்ப் என்றொரு மென்பொருள் இருக்கிறது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் மாணவர்களாயிருந்த இருவர் தொடங்கி, 1996ல் வெளியிட்டது. விலை இல்லை, மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. அதில் ஒரு பூட்டைப் போட்டால், விரும்பாதவன் அந்தப் பூட்டையே கழற்றிவிட்டுப் பயன்படுத்துவான். பூட்டு இதற்கு மருந்தன்று என்பதை ஒப்புக்கொண்டேன்.

ஆனால் நம் தொழிலில் வேறொரு வழக்கம் உண்டு. பேரேட்டில் கணக்கப்பிள்ளை ஓர் இலக்கத்தைத் தப்பாக எழுதிவிட்டால் என்ன செய்கிறார்? சுரண்டி அழிப்பதில்லை. குறுக்கே ஒரு கோடு போட்டு, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் கையெழுத்திடுகிறார். அடித்த இலக்கம் கோட்டுக்கு அடியில் படிக்கக் கிடைக்கிறது. திருத்தியது குற்றமில்லை; திருத்தியதை மறைத்தால் அந்தக் கணக்கை எந்தக் கூட்டாளியும் ஏற்கமாட்டார்.

படம் திருத்தும் மென்பொருளுக்கு இந்த வழக்கம் தெரியாதா? தெரியும். 1994ல் அடுக்குகள் என்ற முறை போட்டோஷாப்பில் வந்தது. மூலப் படத்தைத் தொடாமலே, மேலே வேறொரு தாளில் வேலை செய்வது போன்றது. 1998ல் செய்கை வரலாறு என்ற பட்டியலும் வந்தது. செய்தவை வரிசையாக அதில் பதியும். வேண்டுமானால் பின்னோக்கித் திரும்பலாம். அருமையான ஏற்பாடு! ஆனால் அது யாருக்காக? திருத்துகிறவருக்காக. கோப்பை மூடியதும் அந்தப் பட்டியல் போய்விடும். அடுக்குகளை ஒன்றாக்கிப் பத்திரிகைக்கு அனுப்பும்போது, பார்க்கிறவர் கையில் சேர்வது அடித்தல் திருத்தலே இல்லாத வெள்ளைப் பேரேடு.

2003 மார்ச் 31ல் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் பத்திரிகையின் முதற் பக்கத்தில், ஈராக்கின் பஸராவுக்கு அருகே எடுத்த ஒரு படம் வெளிவந்தது. பிரிட்டிஷ் சிப்பாய் ஒருவர் மக்களை நோக்கிக் கை காட்டி நிற்கிறார். பின்னால் இருந்தவர்களில் சிலர் இரண்டு தடவை தென்படுவதை யாரோ கவனித்துவிட்டார். சில கணங்கள் இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை ஒட்டியிருந்தார் புகைப்படக்காரர், வேலை போயிற்று. சுரண்டிய இடம் தெரிந்ததால் பிடிபட்டார்.

அதற்குப் பிறகு பொறியாளர்கள் என்ன செய்தார்கள்? சுரண்டிய இடம் தெரியாமலிருக்க வழி கண்டார்கள். 2010ல் வந்த பதிப்பில், ஒன்றை நீக்கினால் சுற்றுப்புறத்தைப் பார்த்து யந்திரமே அந்த இடத்தை நிரப்பியது. 2023ல் செயற்கை அறிவைக்கொண்டு, இல்லாத ஒன்றையே புதிதாக வரைந்து நிரப்பியது. தடயம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு பாராட்டு. 2019ல் அடோபி நிறுவனத்தாரும் பெர்க்லி ஆராய்ச்சியாளரும் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். மாற்றிய முகத்தை மனிதர்கள் 100க்கு 53 தடவையே சரியாகக் கண்டார்கள். நாணயத்தைச் சுண்டிப் போட்டாலும் 50 வரும். அதற்கெனப் பயிற்றிய யந்திரமோ 99 வரை கண்டது. படம் பார்க்கும் நம் கையில் அந்த யந்திரம் இல்லை.

ஆகையால் கத்தி விற்பவன் என்ற உவமையை நான் கைவிட்டேன். எவ்வளவு சுரண்டினாலும் அடையாளமே தெரியாத காகிதத்தைக் கண்டுபிடித்து, அதில் பேரேடு தைத்து விற்கிறவன்தான் இங்கே சரியான உவமை. அவன் திருடனல்லன். மைக்கறையைத் துடைக்க அது உதவும் என்பதும் மெய்யே. ஆனாலும் உங்கள் கூட்டாளி அந்தக் காகிதத்தில் கணக்கு எழுத ஆரம்பித்தால் உங்களுக்குத் தூக்கம் வருமா? பொய் சொன்னவனுடைய பங்கு முழுவதும் தம்பியுடையதன்று; ஆனால் ஒரு பங்கு இருக்கிறது என்றே என் மனச்சாட்சி சொல்கிறது. இதை அவனுக்குக் கடிதமாகவே எழுதினேன்.

நிவாரணத்துக்கு வழி இல்லாமலில்லை. 2019 முதல் சில கம்பெனிகளும் பத்திரிகைகளும் கூடி, படத்தோடு அதன் திருத்த வரலாற்றையும் முத்திரையிட்டு அனுப்பும் ஏற்பாட்டைத் தொடங்கின. 2021ல் அது சோதனை முறையில் போட்டோஷாப்பிலும் வந்தது. திருத்துகிறவர் விரும்பினால் மட்டுமே எழுதப்படும்; படத்தைத் திரையிலிருந்து மறுபிரதி எடுத்தால் முத்திரை உதிர்ந்துவிடும். கொடுங்கோலர் நாட்டில் படமெடுப்பவர் தம் அடையாளம் தெரியக்கூடாதென்று அஞ்சுவதும் நியாயமே.

நேற்றுத் தம்பியின் பதில் வந்தது. "எங்கள் மென்பொருளில் இந்தப் பதிவு, கேட்டால்தான் எழுதும் நிலையில் இருக்கிறது. தானாகவே எழுதட்டும், வேண்டாதவர் நிறுத்திக்கொள்ளட்டும் என்று அடுத்த கூட்டத்தில் சொல்லப் போகிறேன். வாடிக்கையாளர் விரும்பமாட்டார் என்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்லட்டும், சாச்சா?" என்று கேட்டிருக்கிறான். வாடிக்கையாளர் விரும்பமாட்டார் என்ற வார்த்தையை முப்பது வருடமாக என் கடையில் நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அவனுக்கு இன்னும் பதில் எழுதவில்லை.