மாரி லஃபார்ஜின் கடிதம்

கணவன் வீட்டுக்கு வந்துசேர்ந்த அன்றே மாரி அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு கணவனுக்கு ஒரு கடிதம் எழுதினாள். எனக்கு வேறொருவர்மேல் விருப்பம், என்னைப் போகவிடுங்கள், இல்லையென்றால் பாஷாணம் தின்று செத்துப்போவேன் என்பது அதன் சாரம். 1839 ஆகஸ்ட், பிரான்சில் லெ கிளாந்தியே என்ற இடம். அவளுக்கு வயது 23, பெற்றோர் இல்லை. சார்ல் லஃபார்ஜ் கல்யாணத் தரகர் மூலம் வந்த வரன். பெரிய மாளிகை, லாபம் தரும் இரும்புப் பட்டறை என்ற பேச்சை நம்பிப் பாரிசிலிருந்து வந்தவள், எலிகள் ஓடும் பாழடைந்த பழைய மடத்தையும் கடனில் மூழ்கிய பட்டறையையும்தான் பார்த்தாள். கடிதத்தில் வரும் காதலன் கற்பனையாகவும் இருக்கலாம். போகவேண்டும் என்ற தவிப்பு கற்பனையில்லை.

ஐந்து மாதத்தில் சார்ல் இறந்தான். எலிக்கென்று அவள் பாஷாணம் வாங்கியிருந்தாள். அவனுடைய பானத்தில் ஏதோ வெள்ளைப் பொடியைக் கலந்ததைப் பார்த்ததாக வீட்டிலிருந்த ஒரு பெண் சொன்னாள். 1840 செப்டம்பரில் துல் நகரில் விசாரணை நடந்தது.

தடயவியல் வரலாறு எழுதுகிறவர்கள் இந்த வழக்கை விடுவதில்லை. காரணம் மார்ஷ் சோதனை. ஆர்செனிக்குக்கு மணமோ சொல்லும்படியான சுவையோ கிடையாது. அதைத் தின்றவரின் வாந்தியும் வயிற்றுப்போக்கும் காலரா போலவே தெரியும். ஆங்கில வேதியியலாளர் ஜேம்ஸ் மார்ஷ் 1836இல் ஒரு வழி சொன்னார். சந்தேகப்படும் பொருளைத் துத்தநாகத்தோடும் அமிலத்தோடும் சேர்த்து, எழும் வாயுவைச் சூடாக்கினால், ஆர்செனிக் கண்ணாடியில் கரிய பளபளப்பாகப் படியும். மிகச் சிறிய அளவும் தப்பாது. தாத்தாவின் காப்பியில் விஷம் வைத்த வழக்கில், சோதனை கெட்டுப்போனதால் விடுதலையான ஒரு பேரன்தான் மார்ஷை இந்தத் தேடலுக்குத் தள்ளியவன். பிறகு அவனே குற்றத்தை ஒப்புக்கொண்டான். விஷம் பெண்ணின் ஆயுதம் என்று ஓயாமல் பேசிய நூற்றாண்டு அது என்பதையும் இதோடு சேர்த்துப் படிக்கலாம்.

மாரி வழக்கில் பானத்தின் மிச்சத்தில் ஆர்செனிக் ஏராளமாக இருந்தது. உடலிலோ இல்லை என்றார்கள் அங்கே மார்ஷ் சோதனை செய்தவர்கள். அதனால் பாரிசிலிருந்து நச்சியல் பேரறிஞர் மத்யூ ஓர்ஃபிலாவை வரவழைத்தார்கள். அவர் இரவெல்லாம் சோதித்தார். உடலில் ஆர்செனிக் இருக்கிறது, அது சவப்பெட்டியைச் சுற்றிய மண்ணிலிருந்தோ சோதனை ரசாயனங்களிலிருந்தோ வந்ததில்லை என்று சொன்னார். மாரிக்கு ஆயுள் தண்டனை. அவள் தரப்பு அழைத்திருந்த ரஸ்பாய் என்ற வேதியியலாளர் வந்தபோது தீர்ப்பு முடிந்திருந்தது.

முதன்முறை படித்தபோது, இந்த மனிதர் நேரத்துக்கு வந்திருக்கக் கூடாதா என்று தவித்தேன். பிறகு அந்தத் தவிப்பே உறுத்தியது. அவள் நிரபராதியாக இருக்கவேண்டும் என்று நான் ஏன் இவ்வளவு விரும்புகிறேன்? நிரபராதியாக இருந்தால்தான் அவளுக்கு நடந்ததை அநியாயம் என்று சொல்லலாம் என்று நானும் நம்பியிருக்கிறேன். நல்ல பெண்ணின் துயரம் மட்டுமே செல்லும் என்கிற பழைய கணக்கு எனக்குள்ளும் இருந்திருக்கிறது.

தன்னைக் கொல்ல மலையுச்சிக்குக் கூட்டிப்போன கணவனை, கடைசியாக ஒருமுறை வலம்வருகிறேன் என்று சொல்லித் தள்ளிவிட்ட குண்டலகேசியை எளிதாக ஏற்றுக்கொள்கிறோம். அங்கே அவன் கொல்ல வந்தவன். சார்ல் பொய் சொல்லி மணந்தவன், கொல்ல வரவில்லை. பல நாள் துடித்துச் செத்தான். அந்த வலியை என் வசதிக்காகக் குறைக்க முடியாது. ஓர்ஃபிலாவின் சோதனையை ஆண்களின் அறிவியல் என்று ஒதுக்கவும் மனமில்லை. கேட்ட கேள்விக்கு அது சரியாகவே பதில் சொன்னது என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் அந்தக் கடிதம்? அரசுத் தரப்பு அதை அவளுக்கு எதிரான சாட்சியமாக்கியது. பாஷாணம் என்ற சொல் அதில் இருந்தது, அது போதும். போகவிடுங்கள் என்ற சொல்லை எடைபோட அங்கே தராசு இல்லை. பிரான்சில் விவாகரத்தை 1816இல் ஒழித்திருந்தார்கள். மாரி பிறந்ததும் அதே ஆண்டுதான். கொடுமையை நிரூபித்தால் தனித்து வாழலாம். மண உறவை முறிக்க வழி கிடையாது.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: “அப்போ கொலை பண்ணது சரியா மேம்?”

சரியில்லை என்றேன்.

“அப்போ வேற என்ன பண்ணியிருக்கணும்?”

நியாயமாகச் செய்யக்கூடியதை அவள் வந்த அன்றே செய்துவிட்டாள். எழுத்தில், கையெழுத்துப் போட்டு. அதற்குப் பிறகு என்ன செய்திருக்கவேண்டும் என்ற கேள்வியை அவளிடம் கேட்பதற்குமுன், கடிதத்தைக் கையில் வாங்கியவனிடமும் அவன் வீட்டாரிடமும், அவளைத் தரகர் வழியாகத் தள்ளிவிட்ட உறவினரிடமும் கேட்கலாம் என்றேன். மாணவிக்கு முழுத் திருப்தி இல்லை. எனக்கும்தான்.

சிறையில் மாரி தன் நினைவுக்குறிப்புகளை எழுதினாள். காசநோய் முற்றியபின் 1852இல் விடுவித்தார்கள். அதே ஆண்டு இறந்தாள், கடைசிவரை தான் கொல்லவில்லை என்று சொல்லிக்கொண்டே. பிரான்சில் விவாகரத்து திரும்பி வந்தது 1884இல்.