மூன்றாவது தாய்

வைணவத்தில் இரண்டு தாய்மாரைப் பற்றிப் பேசுவார்கள். ஒருத்தி குரங்கு, குட்டிதான் அவள் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். இன்னொருத்தி பூனை, குட்டி சும்மா கிடக்கும், அவளே கவ்விக்கொண்டு போவாள். சரணடைகிறவன் பங்கும் சிறிது வேண்டும் என்கிற வடகலைக்குக் குரங்கு, எல்லாம் பெருமாள் பாரம் என்கிற தென்கலைக்குப் பூனை. எங்கள் வீட்டில் தென்கலை நாமம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே உள்ள எங்கள் தோட்டத்துக்குக் கினிக்கோழிகள் வந்த பிறகு, இந்த இரண்டிலும் அடங்காத தாய் ஒருத்தியைப் பார்க்கிறேன்.

கினிப்பெட்டைகள் பல சேர்ந்து புதருக்குள் ஒரே குழியில் முட்டையிடும். எது யாருடையது என்ற கணக்கே கிடையாது. பொரித்ததும் தாய் விடிகாலைப் பனிப்புல்லில் குஞ்சுகளை நடத்திக்கொண்டு போய்விடுவாள். முதல் இரண்டு வாரத்தில் ஈரம் பட்டால் அந்தக் குஞ்சு விறைத்துப்போகும். பின்தங்கியது கத்தும், அவள் நிற்கமாட்டாள். கவ்விக்கொள்ள அவளால் ஆகாது, பற்றிக்கொள்ள அதனால் ஆகாது. குஞ்சு கூப்பிடத்தான் செய்தது. சரணாகதிக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

"அது அவ சுபாவம்மா, பாவத்துல சேராது" என்பார் அத்தை. கினி முட்டைகளைப் பொறுக்கிவந்து, கூடையில் மணல் பரப்பி, அடைக்கு உட்கார்ந்த செவலை நாட்டுக்கோழிக்கு வைப்பவரும் அவர்தான். கோழி முட்டை 21 நாளில் பொரிக்கும். கினி முட்டைக்கு 26 முதல் 28 நாள் வேண்டும். தன் கணக்கு முடிந்த பிறகும் செவலை எழுந்திருக்கவில்லை. தீனிக்கும் தண்ணிக்கும் மட்டும் இறங்கி, மெலிந்துபோய், மறுபடி வந்து உட்கார்ந்தாள். பொரித்துவந்த வரிபோட்ட குஞ்சுகள் அவள் சாயலில் இல்லை. மழை இருட்டியதும் அத்தனையையும் இறக்கைக்குள் வாங்கிக்கொண்டாள்.

கோழிக்கு எதுவும் தெரியாது, உடம்புச் சூட்டில் உட்கார்ந்தது, இதைப் போய் அருள் என்பதா என்று என் மகன் கேட்டான். தெரியாது என்பதைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். தன்னுடையதா என்று பார்த்துக் கொடுத்தால் அதற்கு உறவு காரணம். பாராமல் கொடுத்த சூட்டுக்குக் காரணமே இல்லை. எங்கள் பெரியவர்கள் நிர்ஹேதுக கிருபை என்றது இதைத்தான் என்று நம்புகிறேன். அவர்களில் ஒருவரான பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசன பூஷணத்தின் முடிவில் ஆசாரிய அபிமானத்தைக் கொண்டுவந்து வைத்தார்: தன்னால் எதுவும் ஆகாதவனையும் ஓர் ஆசாரியன் 'இவன் என்னவன்' என்று எண்ணினால் போதும். மதுரகவியாழ்வார் 11 பாசுரங்கள் பாடினார், அவையும் தன் ஆசாரியனான நம்மாழ்வாருக்காகவே. பெற்றவனை விடுத்து, அடைகாத்தவனைப் பாடியவர் அவர்.

ஆனால் செவலை வாய்க்காத குஞ்சுகள் உண்டே. புதரில் எங்கள் கண்ணுக்குத் தப்பிப் பொரித்து, புல்லிலேயே முடிந்துபோனவை. அவற்றுக்கு ஆசாரியன் ஏன் வரவில்லை? கர்மம் என்ற பதில் எனக்குப் போதவில்லை. நிர்ஹேதுகம் என்று சொல்லிவிட்டு அந்த இடத்தில் மட்டும் கணக்குப் பார்ப்பது நியாயமாகப் படவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெருமாள் வடபத்ரசாயி சன்னதியில் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் வரும்வரை, அடைக்கு உட்காரும் எந்தக் கோழியையும் வெறுங்கூடையில் உட்கார விடுவதில்லை.