அந்தப் படமே இந்தப் படம்: மின்னஞ்சல் இணைப்பும் மீளறிவும்

மின்னஞ்சலோடு வந்த புகைப்படத்தைத் திறன்பேசியின் கேலரியில் சேமிப்பது, படத்தின்மீது விரலைச் சற்று நேரம் அழுத்தி ‘சேமி’ என்னும் சொல்லைத் தொட்டவுடன் முடிந்துவிடும் வேலையாதலால், இந்தியத் தருக்க நூல்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வாதிட்டுவந்த வினா ஒன்று அதற்குள் இருப்பதை எவரும் நின்று கவனிப்பதில்லை. அனுப்பியவரிடம் இருந்த படமும் பெற்றவரின் கேலரியில் இப்போது தெரியும் படமும் ஒரே பொருளா, அல்லது ஒன்றைப்போல் மற்றொன்றா என்பதே அவ்வினா. மறைந்த தாயின் இளமைக்காலப் படம் ஒன்றை அக்கா தம்பிக்கு அனுப்பிவைக்கிறாள் என்று கொண்டால், ‘அம்மாவின் படம் இப்போது என்னிடமும் இருக்கிறது’ என்று அந்தத் தம்பி சொல்வது எந்தப் பொருளில் உண்மை என்பது இவ்வினாவுக்குத் தரப்படும் விடையைப் பொறுத்தது.

விடை தேடுமுன், அஞ்சல் வழியே எது பயணம் செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தொடக்ககால மின்னஞ்சல் ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் சில குறிகளையும் மட்டுமே சுமக்கவல்லதாக இருந்தது. படம், ஒலி முதலியவற்றை அதற்குள் வைப்பதற்கான பொதுவிதி, நத்தானியேல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் ஆகிய இருவர் 1992 ஜூனில் வெளியிட்ட ‘மைம்’ என்னும் வரையறையால் கிடைத்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பே, மார்ச் 11 அன்று, போரன்ஸ்டைன் தம் பாட்டுக்குழுவின் படத்தையும் பாடலையும் இணைத்து ஓர் அஞ்சலை அனுப்பியிருந்தார். இம்முறையில் படம் எழுத்தாக உருமாறியே செல்கிறது. படக்கோப்பு என்பது பைட்டுகளின் வரிசை. பைட் என்பது எட்டு பிட்டுகளின், அதாவது எட்டுச் சுழி-ஒன்றுக் குறிகளின், தொகுதி. அஞ்சல் செயலி மும்மூன்று பைட்டுகளாக எடுத்து, அவற்றின் 24 பிட்டுகளை ஆறாறாக நான்கு கூறாக்கி, ஒவ்வொரு கூறுக்கும் 64 குறிகள் கொண்ட பட்டியலிலிருந்து ஒரு குறியை இடுகிறது; இதற்கு ‘பேஸ் 64’ என்று பெயர். மூன்று நான்காவதால் 3 எம்பி அளவுள்ள படம் ஏறத்தாழ 4 எம்பி எழுத்தாகப் பெருகுகிறது. 76 குறிகளுக்கு ஒரு வரியாக மடிக்கப்பட்ட அந்த எழுத்துக் குவியலில் முகமோ மரமோ கண்ணுக்குத் தெரியாது. எனினும் ஜேபெக் வகைப் படம் எதுவாயினும் அதன் முதல் நான்கு குறிகள் சாய்கோடு, ஒன்பது, சிறிய ஜே, மீண்டும் சாய்கோடு என்றே அமையும், ஏனெனில் அவ்வகைக் கோப்புகள் எல்லாம் ஒரே மூன்று பைட்டுகளோடு தொடங்குகின்றன. அம்மாவின் முகத்துக்கும் ரேஷன் அட்டையின் நகலுக்கும் தொடக்கம் ஒன்றுதான்.

பெற்றவரின் கருவி இவ்வெழுத்துகளை அவிழ்த்துப் படத்தைக் காட்டும்போது, இல்லாத ஒன்றைப் படைக்கிறதா, மறைந்திருந்த ஒன்றை வெளிப்படுத்துகிறதா? காரியம் தன் காரணத்தில் முன்பே நுண்வடிவில் உள்ளது என்னும் சற்காரியவாதத்தைச் சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் கொள்வர். முன்பு இல்லாததே புதிதாகத் தோன்றுகிறது என்பது நையாயிகர், அதாவது நியாயத் தருக்க மரபினர், கொள்ளும் அசற்காரியவாதம். எழுத்துக் குவியலைப் பொறுத்தவரை முதற்கட்சியே வலுவுடையது, ஏனெனில் அவிழ்க்கும் விதி எதையும் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. ஆனால் ஒரே அஞ்சலைப் பத்துப் பேர் பெற்றுப் பத்துக் கேலரிகளில் சேமித்தால் வெளிப்பட்டவை பத்துப் படங்களா, ஒரு படமா என்ற கேள்வி இதனால் தீராது.

அக்கேள்வியை அதன் வேரிலேயே எதிர்கொண்டவர்கள் மீமாம்சகர்கள், அதாவது வேதச் சடங்குகளின் பொருளை ஆராய்ந்த மரபினர். வேதம் எவராலும் ஆக்கப்படாதது, என்றும் உள்ளது என்பதை நிறுவ, எழுத்தொலியே என்றும் உள்ளது என்று அவர்கள் காட்ட வேண்டியிருந்தது. ஒரே எழுத்தைப் பத்துப் பேர் பத்து முறை ஒலித்தாலும் பத்து எழுத்துகள் பிறப்பதில்லை, ஏற்கெனவே உள்ள ஓர் எழுத்து பத்து முறை வெளிப்படுகிறது, ஒலிப்பவரின் முயற்சி அதை வெளிப்படுத்தும் கருவி மட்டுமே என்பது அவர்கள் துணிபு. ஜைமினியின் சூத்திரங்களுக்கு உரை வகுத்த சபரர் இதற்கு உலகவழக்கையே சான்றாக்குகிறார்: பசுவைக் குறிக்கும் ‘கோ’ என்னும் சொல் எட்டு முறை சொல்லப்பட்டது என்றுதான் மக்கள் கூறுவர், எட்டுக் ‘கோ’ச் சொற்கள் சொல்லப்பட்டன என்று எவரும் கூறுவதில்லை. ஆகவே கேட்பவர் ‘அதே சொல்’ என்று அறிவது மயக்கம் ஆகாது; அது உண்மையறிவு.

படக்கோப்புக்கு இவ்வாதம் வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது. மின்னஞ்சலில் இணைக்கப்பட்ட கோப்பு, அனுப்புபவரின் செயலி அளவைக் குறைக்காதவரை, ஒரு பைட்டும் மாறாமல் வந்துசேர்கிறது. அதைச் சரிபார்க்க ஹாஷ் என்னும் கணக்கு உதவுகிறது. கோப்பு முழுவதையும் ஒரு வாய்பாட்டில் செலுத்திக் குறுகிய எண்ணொன்றைப் பெறுவதே ஹாஷ். இரு கோப்புகளின் எண்களும் ஒத்திருந்தால் நடைமுறையில் அவை ஒரே வரிசை. ஒரு பிட் மாறினாலும் எண் முற்றிலும் வேறாகிவிடும். இந்தியச் சட்டமும் இந்நிலைப்பாட்டுக்கு நெருங்கி வந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 57-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவு ஒரே நேரத்திலோ ஒன்றன்பின் ஒன்றாகவோ பல கோப்புகளில் சேமிக்கப்பட்டால் அக்கோப்பு ஒவ்வொன்றும் முதன்மைச் சான்றே என்று விளக்குகிறது. மின்னணுச் சான்றோடு தரவேண்டிய சான்றிதழில் ஹாஷ் எண்ணையும் குறிப்பிட அச்சட்டம் சொல்கிறது. மூலம், நகல் என்னும் வேற்றுமை இங்கே கரைந்துபோகிறது. அக்காவிடம் ‘மூலம்’ இருக்கிறது, தம்பியிடம் இருப்பது ‘நகல்’ என்று சொல்ல இடமில்லை.

நையாயிகரும் பௌத்தரும் இதை எளிதில் விட்டுவிடமாட்டார்கள். ஒலி பிறந்து அழிவது என்பது நியாய நூலின் முடிவு. மணிமேகலையின் 29-ஆம் காதையில் பௌத்த அளவையியல் விளக்கப்படும்போதும் ஒலி நிலையற்றது என்னும் கூற்றே மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டாகக் கையாளப்படுகிறது. ‘அதே’ என்ற அறிவு எழுந்தால்மட்டும் பொருள் ஒன்றாகிவிடாது என்பது இவர்களின் மறுப்பு. விளக்கின் சுடர் கணந்தோறும் புதிது, ஆயினும் அதே சுடர் என்று தோன்றுகிறது. வெட்டியபின் வளர்ந்த நகத்தையும் முடியையும் பார்த்து அதே நகம், அதே முடி என்கின்றனர். ஒப்புமையே ஒருமையாகத் தோற்றமளிக்கிறது. பௌத்தர் இன்னும் ஒரு படி மேலே சென்று, நிலைத்த பொருள் என எதுவும் இல்லை, ஒன்று அழிய அடுத்தது தோன்றும் தொடர்ச்சியே உள்ளது என்பர். அத்தொடர்ச்சிக்குச் சந்தானம் என்று பெயர். அஞ்சல் ஒரு வழங்கியிலிருந்து அடுத்த வழங்கிக்குச் செல்லும்போது உண்மையில் எதுவும் நகர்வதில்லை. அடுத்த இடத்தில் ஒரு புதுப்பதிவு எழுதப்படுகிறது, பழையது பின்னர் நீக்கப்படுகிறது. பயணத்தை மட்டும் நோக்கினால் பௌத்தர் கூறுவதைவிடத் துல்லியமான விளக்கம் கிடைப்பது அரிது.

ஆனால் கேலரியைத் திறப்பவர் பயணத்தையும் பைட் வரிசையையும் நாடித் திறப்பதில்லை. தம்பி தேடுவது ஒரு முகத்தை; அதுவும் ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட வெயிலில் நின்ற முகத்தை. இங்கேதான் நையாயிகரின் மீளறிவுக் கொள்கை, மற்ற இருவரும் தொடாத ஒன்றைத் தொடுகிறது. மீளறிவு, அதாவது பிரத்தியபிக்ஞை, என்பது ‘அந்தத் தேவதத்தனே இவன்’ என்பதுபோல முன் கண்ட ஒன்றையும் இப்போது காணும் ஒன்றையும் ஒருமைப்படுத்தும் அறிவு. ‘இவன்’ என்ற கூற்றைக் கண் தருகிறது. ‘அந்த’ என்ற கூற்றை, முன் அனுபவம் உள்ளத்தில் விட்டுச்சென்ற சம்ஸ்காரம் என்னும் பதிவு தருகிறது. இரண்டும் சேர்ந்தாலன்றி மீளறிவு இல்லை. புகைப்படத்தின் பெருமையே, தான் நேரில் காணாத காலத்தைப் பற்றியும் ஒருவரை ‘அந்த’ என்று சொல்லவைப்பதில் இருக்கிறது. ஆகவே அதன் சம்ஸ்காரம் பார்ப்பவரின் உள்ளத்துக்கு வெளியே எங்காவது இருந்தாக வேண்டும். நையாயிகர் சம்ஸ்காரத்தை ஆன்மாவின் குணமாகவே கொண்டனர் என்பது உண்மை. அக்கொள்கையை இவ்வளவு விரிப்பதற்கு அவர்கள் உடன்படாமல் போகலாம். எனினும் அவர்கள் வகுத்த அமைப்பு இல்லாமல் கேலரியில் நிகழ்வதை விளங்கிக்கொள்ள முடியாது.

அப்பதிவு இருக்கும் இடங்களுள் ஒன்று கோப்பின் உள்ளேயே உள்ளது. ஜப்பானில் 1995-இல் முதன்முதலாக வெளியிடப்பட்ட ‘எக்ஸிஃப்’ என்னும் வரையறை, படம் எடுக்கப்பட்ட நேரம், எண்வடிவாக்கப்பட்ட நேரம், கோப்பு மாற்றப்பட்ட நேரம் என மூன்றையும் தனித்தனியே குறித்துவைக்க இடம் தருகிறது. அந்தக் காலத்தையும் இந்தக் காலத்தையும் பிரித்துக் காணும் தருக்கநூலாரின் கூர்மை ஒரு பொறியியல் ஆவணத்தில் இப்படி வெளிப்பட்டிருப்பது மகிழ்ச்சி தருவது. இதன் விளைவை நாள்தோறும் காணலாம். 2009-இல் எடுத்த படத்தை இன்று மின்னஞ்சலிலிருந்து ஐஃபோனில் சேமித்தால், போட்டோஸ் செயலியின் கால வரிசையில் அது 2009-க்கே போய் அமர்கிறது. வரிசையின் கடைசியில் தேடிக் காணாதவர் சேமிப்பு நிகழவில்லை என்று எண்ணி மீண்டும் சேமிக்கிறார். ஆண்ட்ராய்டு கருவியில் அது பெரும்பாலும் ‘டவுன்லோட்’ கோப்புறையில் விழ, கேலரி தன் அட்டவணை வழியே அதைக் கண்டெடுத்துக் காட்டுகிறது. இதற்கு மாறாக, அதே படத்தைத் திரையில் வைத்து ஸ்கிரீன்ஷாட் எடுத்தால், தோற்றம் ஏறக்குறைய அதுவாகவே இருக்கும், காலம் இன்றையதாகிவிடும். வாட்ஸ்அப் வழியே சாதாரணப் படமாக அனுப்பினாலும் படம் மறுபடி சுருக்கப்பட்டு எக்ஸிஃப் குறிப்புகள் உதிர்ந்துவிடுகின்றன. நகமும் முடியும் பற்றிய பௌத்தரின் உவமை உண்மையில் இவற்றுக்கே உரியது.

ஃபிலிம் காலத்துப் படங்களின் நிலை இன்னும் கடினமானது. 1974-இல் எடுத்துப் பின்னாளில் ஸ்கேன் செய்யப்பட்ட தாயின் படத்தில் எடுக்கப்பட்ட நேரத்துக்கான இடம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். கேலரி அதைச் சேமித்த நாளின் கீழ், அன்று காலை எடுத்த மின்கட்டண ரசீதுக்கு அடுத்ததாக வைத்துவிடும். அப்படத்துக்குரிய சம்ஸ்காரம் இருப்பது அக்கா எழுதிய கடிதத்தில். ‘பெரியம்மா வீட்டு மாடியில் எடுத்தது, அருகில் நிற்பது சின்னம்மா, அண்ணன் அப்போது பிறக்கவில்லை’ என்று அவள் எழுதிய இரண்டு மூன்று வரிகளே அந்தப் படத்தின் ‘அந்த’. தருக்கநூலார் இதை உரை அளவை என்பர். உண்மையை அறிந்து, அறிந்தவாறே சொல்லும் ஆப்தர், அதாவது நம்பத்தக்கவர், கூறும் சொல்லால் பெறப்படும் அறிவு அது. சேமிப்புப் பொத்தானோ படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உரையை அஞ்சல்பெட்டியிலேயே விட்டுவிடுகிறது. பைட் ஒன்றும் குறையாமல் வந்த படம், தான் இன்னார் என்று சொல்லும் சாட்சியை இழந்து கேலரியில் நிற்கிறது. மின்னஞ்சல் படத்தைச் சேமிப்பதில் நேரும் உண்மையான இழப்பு இதுவே. பிக்சல்களின் தரத்தைப் பற்றிய கவலை இதற்கு முன் மிகச் சிறியது. சொல்லுக்குச் சொன்னவர் தேவையில்லை என்று மீமாம்சகர் வேதத்துக்கு மட்டுமே உரிமை கோரினர்; குடும்பப் படத்தின் அடியில் உள்ள சொல்லுக்கு அவ்வுரிமை இல்லை, சொன்னவர் யார் என்பது மறைந்தால் அதன் அளவைத் தகுதியும் மறைந்துவிடும்.

படத்தின் நாளைக் கையால் திருத்தும் வசதி இன்றைய செயலிகளில் இருக்கிறது. அதனால் 1974-ஆம் ஆண்டை இட்டுவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது, ஏனெனில் கேமரா பதிந்த நாளும் ஒருவர் நினைவிலிருந்து இட்ட நாளும் கால வரிசையில் ஒரே தோற்றத்தில் நிற்கும். உரை அளவை, நேரில் காண்பதாகிய காட்சி அளவையின் உடையை அணிந்துகொள்ளும். நாற்பது ஆண்டுகள் கழித்து அதைப் பார்க்கும் பேரப்பிள்ளைக்கு இரண்டையும் பிரித்தறிய வழி இராது. 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதல் போட்டோஸ் செயலியில் படத்தின் கீழ் குறிப்பு எழுதும் இடம் உண்டு. கூகுள் போட்டோஸ் செயலியிலும் விவரம் எழுதலாம். அக்காவின் வரிகளை அவள் சொற்களிலேயே அங்கே ஒட்டி, ‘அக்கா எழுதியது’ என்று பெயரையும், அஞ்சல் வந்த நாளையும் அடியில் குறிப்பது, நாளைத் திருத்துவதைவிட நேர்மையான செயல். ஆண்டில் அக்காவுக்கே ஐயம் இருந்திருந்தால் அந்த ஐயத்தையும் அவள் எழுதியபடியே விட்டுவைக்க வேண்டும்.