முகம் வாடாமல் பசி தீர்ப்போம்



ஸூரத்துல் பகராவின் 273ஆம் வசனத்தில் அல்லாஹ் ஒரு வகை ஏழைகளை நமக்கு அடையாளம் காட்டுகிறான். அவர்கள் யாரிடமும் வற்புறுத்திக் கேட்க மாட்டார்கள். அவர்களுடைய தன்மானத்தைப் பார்த்து, விவரம் தெரியாதவர் வசதியானவர்கள் என்றே நினைத்துவிடுவார்.

இவர்கள் எங்கோ இல்லை. ராஜபாளையத்தில் ஷிப்டு குறைந்துபோன மில் தொழிலாளியின் வீட்டில் இருக்கிறார்கள். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி ஓடாத வாரத்தில் இருக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் நாள் முழுக்கப் பால்கோவா கிண்டிவிட்டு, ராத்திரி பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்று யோசிக்கிறவராகவும் இருக்கலாம். பள்ளிவாசல் வாசலில் அவர் கையேந்தி நிற்க மாட்டார்.

நாம் என்ன செய்கிறோம்? ஐந்து கிலோ அரிசி கொடுக்கப் பேனர் கட்டுகிறோம். வரிசையில் நிறுத்திப் போட்டோ எடுத்து, குரூப்பில் போடுகிறோம். வெளிப்படையாகக் கொடுப்பதும் நல்லதுதான், ஏழைக்கு மறைத்துக் கொடுப்பது அதைவிடச் சிறந்தது என்கிறது குர்ஆன் (2:271). பிறருக்கு ஆர்வமூட்டத்தான் போட்டோ என்றால் அரிசி மூட்டையை எடுங்கள். வாங்குகிறவர் முகம் எதற்கு?

ஹுசைன் (ரலி) அவர்களின் மகனார் ஜைனுல் ஆபிதீன் (ரஹ்) மதீனாவில் இரவு நேரங்களில் மூட்டை சுமந்து ஏழை வீடுகளுக்குக் கொண்டுபோவார்கள். கொடுப்பது யார் என்று அந்த வீட்டாருக்கே தெரியாது. அவர்கள் மறைந்த பிறகு குளிப்பாட்டியவர்கள் முதுகில் சுமைத் தழும்பைக் கண்டார்கள். மூட்டை வருவதும் நின்றுபோனது. அப்போதுதான் ஊருக்கு விஷயம் புரிந்தது.

நம் மாவட்டத்துக்காரர் காமராஜரைப் பாருங்கள். 1952ல் ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போனவர். முதலமைச்சரான பின், 1956ல் பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்தார். 2022 முதல் காலைச் சாப்பாடும் கிடைக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்காரும்போது, யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று பக்கத்துப் பிள்ளைக்குத் தெரியாது. நம் நோன்புக் கஞ்சியும் அப்படித்தான். முதலாளியும் கூலியாளும் ஒரே ஸஹனில் வடை எடுக்கிறார்கள். தூக்குவாளியோடு வரும் மாற்றுமதப் பிள்ளையிடமும் யாரும் விவரம் கேட்பதில்லை.

சென்னை பெசன்ட் நகரில் 2017ல் ஈஸா பாத்திமா ஜாஸ்மின் என்ற பல் மருத்துவர் 'அய்யமிட்டு உண்' என்று ஒரு பொதுக் குளிர்சாதனப் பெட்டி வைத்தார். விருப்பமானவர் வைக்கலாம், தேவையானவர் எடுக்கலாம்.

அதற்குக்கூட நமக்குச் செலவு வேண்டாம். உஸ்மானியர் காலத் துருக்கியில் ரமலானில் செல்வந்தர்கள் தெரியாத தெருவின் மளிகைக் கடைக்குப் போவார்கள். கடன் நோட்டில் சில பக்கங்களை அடைத்துவிட்டுப் பெயர் சொல்லாமல் வந்துவிடுவார்கள். நம் தெருக் கடைகளில் கடன் நோட்டு இல்லையா? அரிசியை மட்டும் நாம் திணித்தால், அந்த வீட்டுக்கு அன்று வேண்டியது பால் மாவாக இருக்கலாம். கணக்கு அடைந்துவிட்டால் வேண்டியதை அவர்களே வாங்கிக்கொள்வார்கள்.

தொழுகை முடிந்ததும் பைத்துல்மால் பொறுப்பாளர்கள் ஹவுழ் பக்கம் இருப்பார்கள். யார் வீடு என்று அவர்களிடம் சொல்ல வேண்டாம். எந்தக் கடை என்று சொன்னால் போதும்.