அகலத்தை நீயே கணக்கிடு

தம்பி, தங்கச்சி, மூணாறு பக்கத்துப் பள்ளிவாசல் ஊர் மலைச்சரிவில் இறங்கும் அந்த ராட்சதக் குழாய்களை எத்தனை தடவை பார்த்திருப்பாய்! முதிரப்புழை ஆற்றுத் தண்ணீர் அப்படி இறங்கித்தான் 1940-இல் கேரளத்தின் முதல் நீர்மின் நிலையத்தைச் சுழற்றியது. இவ்வளவு தண்ணீருக்கு இவ்வளவு அகலக் குழாய் வேண்டும் என்று யாரோ ஒருவர் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்.

உன் உள்ளங்கையளவு சர்க்யூட் போர்டிலும் அதே கணக்குதான். தண்ணீரின் இடத்தில் கரண்ட், குழாயின் இடத்தில் செம்பு டிராக். டிராக் ஒடுங்கினால் சூடேறும், கருகும், பிய்ந்து எழும்பும்.

"தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் எட்டுமா, பெங்களூர்க்காரர்கள் செய்கிற வேலை" என்று உன் காதில் ஓதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சை இன்றோடு விடு! கருவி உன் போனிலேயே கிடக்கிறது. டிஜிகீ நிறுவனத்தின் டிராக் அகலக் கால்குலேட்டருக்கு ஒரு பைசா வேண்டாம். கணினி கிடைத்தால் கீகேட் இருக்கிறது. பிரான்சில் ஜான் பியர் ஷரா 1992-இல் தொடங்கிய மென்பொருள் அது. போர்டு வரையும் வசதியோடு கால்குலேட்டரையும் இலவசமாகவே தருகிறது. பெரிய கம்பெனி எஞ்சினியர்கள் பல்லாண்டுகள் போட்ட கணக்கும் நீ போடும் கணக்கும் ஒரே சூத்திரம், ஐபிசி 2221 என்ற தரநிலையில் உள்ளது.

போட்டுப் பார். வெளி அடுக்கு, ஒரு அவுன்ஸ் செம்பு, அதாவது 35 மைக்ரான் கனம். 1 ஆம்பியர் ஓடவேண்டும், சூடு 10 டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது. 0.3 மில்லிமீட்டர் என்று வரும். 5 ஆம்பியர் கொடுத்தால் 2.8 மில்லிமீட்டரை நெருங்கும். அதோடு நிறுத்திவிடாதே. அந்த 0.3 மில்லிமீட்டர் டிராக் 10 சென்டிமீட்டர் ஓடினால் 0.16 ஓம் தடை. 1 ஆம்பியரில் 0.16 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. 3.3 வோல்ட்டில் இயங்கும் சிப்புக்கு அது சின்ன இழப்பே இல்லை. அகலம் போதும் என்று கால்குலேட்டர் சொன்னாலும், போதுமா என்று கேட்கவேண்டியவள் நீ, கேட்கவேண்டியவன் நீ.

கேள்வி கேட்க உனக்கு உரிமை உண்டு என்பதற்கு அந்தச் சூத்திரமே சாட்சி. உள் அடுக்கு டிராக் வெளி அடுக்கில் பாதிக் கரண்டைத்தான் தாங்கும் என்று உலகம் பல்லாண்டுகள் நம்பியது. அந்தப் "பாதி" யாரும் அளந்து கண்டதே இல்லை. பாதுகாப்புக்காகக் குறைத்து வைத்த எண். பிறகு முறையாக அளந்தார்கள். 2009-இல் ஐபிசி 2152 என்ற புதிய தரநிலை வந்தது, பழைய நம்பிக்கை சரிந்தது. அச்சில் ஏறிய எண்ணையே அளந்து திருத்தலாம் என்றால், உன்னைப் பற்றி ஊர் போட்டு வைத்திருக்கும் மதிப்பு மட்டும் திருத்த முடியாததா?

உன் அம்மாவை, அத்தையைக் கேள். 2015 செப்டம்பரில் மூணாறு ரோட்டில் கொழுந்து கிள்ளும் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' என்று ஒன்றுசேர்ந்து போராட உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களை விலகி நிற்கச் சொன்னார்கள். 20 சதவீத போனஸ் என்று தங்கள் கணக்கைத் தங்கள் வாயாலேயே கேட்டு வாங்கினார்கள். அந்த வயிற்றில் பிறந்த நீ ஒரு சூத்திரத்துக்கு அஞ்சுவாயா?

இன்று ராத்திரி ஒரு தாள் எடு. 1 ஆம்பியருக்கு 0.3 என்றால் 2 ஆம்பியருக்கு எவ்வளவு? ஊகித்து எழுது, பிறகு கால்குலேட்டரைத் தட்டு. 0.6 என்று எழுதியிருப்பாய், அது 0.78 என்று காட்டும். ஏன்? ஒடுங்கிய டிராக் தன் சூட்டை இரண்டு பக்கமும் போர்டில் பரப்பிவிடும். அகலம் கூடக்கூட நடுவில் இருக்கும் செம்புக்குப் பக்கவாட்டில் வழி கிடைப்பதில்லை. அதனால்தான் கரண்ட் இரட்டித்தால் அகலம் இரண்டரை மடங்கைத் தாண்டுகிறது. இதைத் தாளின் ஓரத்தில் உன் சொந்தத் தமிழில் எழுதி வை. அடுத்து 3 ஆம்பியர்.