இரகசியம் யாருக்குச் சொந்தம்?



ஒருவர் தம் நோயை எம்மிடம் நம்பிச் சொன்னால், அந்த இரகசியத்தை நாம் எதுவரை காக்க வேண்டும்? கணக்காளன் என்ற முறையில் பிறர் இரகசியம் காப்பது எனக்குப் பழகிய காரியம். ஆயினும் சென்ற ஆண்டு இந்தக் கேள்வி என்னைப் பல இரவுகள் உறங்கவிடவில்லை.

எனக்கு 2019ஆம் ஆண்டு, நாற்பதாவது வயதில், பார்க்கின்சன் நோய் என்று வைத்தியர்கள் கண்டறிந்தார்கள். ஊரில் நடுக்குவாதம் என்போம். மூளையில் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கும் கலங்கள் சிறிது சிறிதாக அழிவதால் வருவது. 1817இல் இதனை விபரித்து எழுதிய ஜேம்ஸ் பார்க்கின்சன் இதே இலண்டன் மாநகர வைத்தியர்தான். பெயரில் நடுக்கம் இருந்தாலும் எனக்கு அது பிந்தித்தான் வந்தது. முதலில் போனது மணம். பூசையில் கற்பூரம் எரியும், சாம்பிராணி புகையும், எனக்கு ஒன்றும் தெரியாது. தடிமனாக்கும் என்று இருந்துவிட்டேன். பிறகு கொப்பியில் நான் எழுதும் இலக்கங்கள் வரிக்கு வரி சிறுத்துக்கொண்டு போயின.

சென்ற ஆண்டு ஆலயத் தொண்டர் ஒருவருக்கு இதே நோய் என்று தெரியவந்தது. (அவருடைய சம்மதத்துடன், சில விபரங்களை மாற்றியே எழுதுகிறேன். அவர் யாரென்று தயவுசெய்து மண்டபத்தில் ஆராய வேண்டாம்.) அவர் துணைவியார் தொலைபேசியில் அழைத்து, “தம்பி, ஒருக்கா வந்து கதைச்சுப் பாரும், மனுசன் வாயே திறக்கிறார் இல்லை” என்றார்.

போனேன். வருமானவரிக் கோவை கொண்டுபோனவனைப் போல எனக்குத் தெரிந்ததையெல்லாம் அவர் முன் விரித்து வைத்தேன். லெவோடோப்பா குளிசையை நேரம் தவறாமல் எடுப்பது, புரத உணவு அதன் உறிஞ்சலைக் குறைக்கக்கூடும் என்பது, தேகாப்பியாசம், எல்லாம். மேசையில் யாரோ அனுப்பிய பூனைக்காலி விதைத்தூள் இருந்தது. அந்த விதையிலும் லெவோடோப்பாதான் உண்டு, குளிசையோடு அதையும் எடுத்தால் அளவு கூடும், வைத்தியரிடம் கேளாமல் தொட வேண்டாம் என்றேன். பொறுமையாகக் கேட்டவர் கடைசியில் ஒன்று கேட்டார். “தம்பி, எனக்கும் உம்மைப் போலத்தான் வருமோ?”

2008இல் நான் அகதியாக வந்திறங்கியபோது, எனக்கு முன் வந்தவர்கள் விசாரணையில் என்ன கேட்பார்கள், என்ன சொல்லவேண்டும் என்றெல்லாம் அன்போடு சொல்லித் தந்தார்கள். நம்பிப் போனேன். அங்கே கேட்டது ஒன்றுமே அவர்கள் சொன்னதல்ல. அவர்கள் பொய் சொல்லவில்லை, தங்கள் கேஸைச் சொன்னார்கள். என் கேஸ் வேறு. இந்த நோயும் அப்படித்தான். நடுக்கமே வராதவர்களும் இருக்கிறார்கள். “தெரியாது அண்ணை. என்ரை கதையை மட்டும்தான் நான் சொல்லலாம்” என்றேன். அதற்குப் பிறகுதான் அவர் கதைக்கத் தொடங்கினார்.

வாசலில் என் கையைப் பிடித்தார். “மகளின்ரை கலியாணப் பேச்சு நடக்குது. ஒருத்தருக்கும் மூச்சு விடாதையும்.” பெரும்பாலானோருக்கு இது பரம்பரையால் வரும் நோயல்ல. ஆனால் பேச்சுக்கால் நடக்கும்போது எம்மவர் யார் இதைக் கேட்கப்போகிறார்கள்? சத்தியம் செய்து கொடுத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, வழமைபோல் அவரே வானை ஓட்டி ஆறு முதியவர்களை ஆலயத்துக்குக் கொண்டுவந்து இறக்கினார்.

இந்நாட்டுச் சட்டப்படி இந்த நோயைச் சாரதி உரிம அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். தவறினால் 1000 பவுண் வரை தண்டம். அறிவித்தால் உரிமம் போய்விடும் என்றில்லை. நான் இன்றும் குறுகிய கால உரிமத்தில் ஓட்டுகிறேன். அவரிடம் கேட்டேன். அறிவிக்கவில்லை.

அவருடைய நோய் அவருடைய சொத்து. யாருக்குச் சொல்வதென்பது அவர் உரிமை. ஆனால் வானில் ஏறும் அந்த ஆறு பேரின் உயிர் அவருடைய சொத்தல்லவே? ஆலயத் தலைவரிடம் சொல்லிவிடலாம் என்று ஒரு மனம் சொன்னது. அப்படிச் செய்தால் நாளை நோய் கண்ட எம்மவர் எவரும் என்னிடம் வாய் திறவார், அந்த மௌனத்தாலும் ஆபத்துத்தான் என்றது மறு மனம். இரண்டுமே சரியாகப் பட்டன. இப்போதும் படுகின்றன.

கடைசியில் அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். “அண்ணை, உங்கடை வருத்தத்தைப் பற்றி ஒருவருக்கும் சொல்லமாட்டன். ஆனால் அறிவிக்காமல் அந்த வானை ஓட்டினால் பேசாமல் இருக்கமாட்டன். அதை முதலே உங்களுக்குச் சொல்லிப்போட்டன்.”

“உம்மை நம்பிச் சொன்னதுக்கு இதுவோ?” என்றார். அவர் கோபம் நியாயமானது. அந்த எல்லையை நான் சத்தியம் செய்த அன்றே சொல்லியிருக்க வேண்டும். யோசியாமல் தலையாட்டியது என் பிழை.

இரண்டு வெள்ளிக்கிழமைகள் வேறொருவர் வானை ஓட்டினார். அண்ணைக்கு முழங்கால் நோவாம் என்று மண்டபத்தில் கதைத்தார்கள். நான் திருத்தவில்லை. அந்தப் பொய் எவருக்கும் தீங்கு செய்யவில்லை.

மூன்றாம் கிழமை இரவு தொலைபேசி அடித்தது.

“தம்பி, அந்தப் படிவம் நிரப்புறன். மருந்து எழுதிற பெட்டி சரியான சின்னன்.”

“வேறை தாளிலை எழுதி இணைக்கலாம் அண்ணை.”

“தேவையில்லை,” என்று சிரித்தார், “என்ரை எழுத்து இப்ப அதுக்கு அளவாத்தான் கிடக்கு.”